பந்தி இலையின் நுனி காட்டிய இடது வலது: இருக்கை வரிசைப் புதிர்களில் எங்கள் அனுபவங்கள்

ஒட்டன்சத்திரத்திலிருந்து, வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்:

வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேள்வி ஆரம்பித்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இரண்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. கூட்டல் கழித்தலில் குறை இல்லை, விகிதம், வட்டிக் கணக்கெல்லாம் நன்றாகவே வரும். இந்த இருக்கை வரிசைப் புதிர் மட்டும் ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் அதே மாதிரியான கணக்கு தப்பும். எங்கே தப்புகிறது என்பதே பிடிபடவில்லை. பயிற்சி வகுப்பில் கேட்டால், "நிறைய போட்டுப் பாரும்மா, தானா வரும்" என்றார்கள். நிறையவே போட்டேன். வரவில்லை.

போன தை மாதம் சித்தி மகளுக்கு வளைகாப்பு. எதிரெதிராக இரண்டு வரிசைப் பந்தி. இலை போடும் வேலை எனக்கு. முதல் வரிசையில் எல்லா இலைக்கும் நுனி வாசலைப் பார்த்து இருந்தது. எதிர் வரிசைக்கும் அதே போல வாசலைப் பார்க்கவே நுனியை வைத்துக்கொண்டு போனேன். ஐந்தாவது இலையில் பெரியம்மா கையைப் பிடித்துவிட்டார். "நுனி உண்கிற ஆளுக்கு இடக்கைப் பக்கம் வரணும்டி. நீ நிற்கிற பக்கத்தைப் பார்க்காதே, அவங்க உட்கார்ற பக்கத்தைப் பாரு." ஐந்து இலையையும் திருப்பிப் போட்டேன். இப்போது ஒரு வரிசையில் நுனி வாசலைப் பார்த்தது, எதிர் வரிசையில் சமையல்கட்டைப் பார்த்தது. ஆனால் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அது இடப்பக்கம்தான்.

அன்று இரவு பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். வட்டம் வரைந்து போட்ட கணக்குகளில் தப்பெல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. வட்டத்தின் கீழ்ப்பாதியில் இருந்தவர்களுக்கு இடது வலது சரியாகப் பார்த்திருக்கிறேன். மேல்பாதியில் இருந்தவர்களுக்குத் தாளின் இடப்பக்கத்தையே அவர்களுடைய இடப்பக்கமாக எடுத்திருக்கிறேன். கீழே இருப்பவர் நம்மைப் போலவே மேலே பார்த்து உட்கார்ந்திருக்கிறார், அதனால் அவருடைய இடதும் நம்முடைய இடதும் ஒன்று. மேலே இருப்பவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், எதிர்ப்பந்தி ஆள் அவர். அவருடைய இடக்கை நம் வலப்பக்கம்.

அதிலிருந்து வட்டம் வரைந்ததும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன இலை போடுகிறேன். ஒரு கோடு, இடப்பக்க முனையில் கூர்மை, அவ்வளவுதான். எல்லோரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்தால் எல்லா நுனியும் கடிகாரம் சுற்றும் திசையிலேயே ஓடும். "மையம் பார்த்தால் இடது என்பது கடிகாரச் சுற்று" என்று முன்பே மனப்பாடம் செய்திருக்கிறேன், பரீட்சை ஹாலில் மறந்தும் இருக்கிறேன். இலை மறப்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். அமுதா, பாலு, சித்ரா, தனம், எழில், கோபி ஆறு பேரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அமுதாவுக்கு நேர் எதிரே தனம். பாலுவுக்கு இடப்பக்கம் இரண்டாவது ஆள் சித்ரா. எழில் அமுதாவை ஒட்டி இல்லை. தனத்துக்கு வலப்பக்கம் ஒட்டி கோபி. யார் எங்கே?

அமுதாவைக் கீழே உட்கார வைத்தேன், தனம் மேலே. வட்டத்தில் முதல் ஆளை எங்கே வைத்தாலும் ஒன்றுதான், அதனால்தான் ஆறு பேருக்கு 120 விதம் மட்டும், நேர் வரிசை என்றால் 720. அமுதாவிலிருந்து கடிகாரச் சுற்றில் மற்ற இடங்களுக்கு 1, 2, 4, 5 என்று எண் கொடுத்தேன், தனம் 3. பாலுவும் சித்ராவும் இரண்டு இடம் தள்ளி. பாலு 2 என்றால் சித்ரா 4, பாலு 5 என்றால் சித்ரா 1. வேறு வழி இல்லை. இந்த இடத்தில்தான் முன்பெல்லாம் ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டு ஓடுவேன். இப்போது இரண்டு வட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வரைகிறேன். எழில் அமுதாவை ஒட்டி இல்லை என்றால் 2 அல்லது 4. முதல் வட்டத்தில் அந்த இரண்டு இடமும் போய்விட்டன. அந்த வட்டத்தை அடித்துவிட்டேன். மிச்சம் ஒன்றுதான்: சித்ரா 1, பாலு 5. தனத்தின் வலப்பக்கம் 2, அங்கே கோபி. எழில் 4.

"இல்லை" என்று சொல்லும் குறிப்பை நான் எப்போதும் கடைசிக்குத் தள்ளுவேன், பயன் இல்லாத குறிப்பு என்று நினைப்பு. இந்தக் கணக்கில் பாதி வேலையை அதுதான் செய்தது.

உங்களுக்கு எங்கே தப்பியது, எப்படிச் சரியானது? எழுதுங்கள். என்னைப் போல இரண்டு வருஷம் யாரும் அலைய வேண்டாம்.

சிவகாசியிலிருந்து, இப்போது வங்கியில் எழுத்தராக இருப்பவர்:

தங்கச்சி, நீங்கள் சொன்ன மேல்பாதித் தப்பு எனக்கும் இருந்தது என்றால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். எனக்கு இருந்தது வேறு. வட்டம் முழுக்கவே இடதை வலதாகவும் வலதை இடதாகவும் போட்டுப் பழகிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால் விடை சரியாகவே வந்துகொண்டிருந்தது. ஒரே சீராக மாற்றிப் போட்டால் முழு வட்டமும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பும், "கோபிக்கு இடப்பக்கம் யார்" என்று கேட்டால் சரியான ஆளே வருவார். ஒரு தேர்வில் "அமுதாவிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணினால் இரண்டாவது யார்" என்கிற மாதிரிக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் உடைந்தது. ஆகவே விடை சரியாக வருகிறது என்பதை வைத்து வழி சரி என்று நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, மொழி. நான் எழுதிய காலத்தில் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும்தான். அரசு வங்கிகளின் எழுத்தர் தேர்வை 13 மாநில மொழிகளிலும் நடத்துவது என்று நிதி அமைச்சகம் அறிவித்தது 2021 செப்டம்பர் கடைசியில். தமிழ் வழியில் படித்த எனக்கு ஆங்கில வாக்கியத்தில் எந்த ஆளிடமிருந்து எண்ண வேண்டும் என்பதுதான் பெரிய குழப்பம். ஆங்கிலத்தில் உட்காருகிற ஆள் முதலில் வருவார், யாரை வைத்து எண்ண வேண்டுமோ அவர் கடைசியில் வருவார். நான் முதலில் வந்த பெயரிலிருந்தே எண்ணத் தொடங்குவேன், எல்லாம் கவிழும்.

எங்கள் வகுப்பில் ஓர் அண்ணன் இருந்தார், மூன்று தேர்வு எழுதி வென்றவர். அவர் சொன்னது: "ஒவ்வொரு குறிப்பையும் மனசுக்குள்ளே தமிழில் சொல்லிப் பார். 'க்கு' எந்தப் பெயரில் ஒட்டுதோ அங்கேதான் விரலை வைக்கணும்." பாலுவுக்கு இடப்பக்கம் இரண்டாவது சித்ரா. விரல் பாலு மேல். அங்கிருந்து இரண்டு இடம் நகர்ந்தால் சித்ரா. அந்த "க்கு" என்னைக் கரையேற்றியது. இன்று தமிழிலேயே கேள்வி வருகிறது, தம்பி தங்கைகளுக்கு அந்தச் சுமை குறைந்தது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் மொழிபெயர்த்த வாக்கியம் சில நேரம் முறுக்கிக்கொண்டு வரும், அப்போதும் 'க்கு' எங்கே என்று தேடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து, குரூப் 4 எழுதுபவர்:

எங்கள் பக்கம் இவ்வளவு பெரிய வட்டமெல்லாம் வராது. குரூப் 4-இல் 200 கேள்வியில் 25 திறனறிவு. வரிசையில் எத்தனையாவது என்பது மாதிரிச் சின்னக் கேள்விகள்தான். தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆனால் ஒரு கேள்வி ஒன்றரை மதிப்பெண், அதைத் தெரிந்தே விடக் கூடாது.

முன்னாலிருந்து எத்தனையாவது, பின்னாலிருந்து எத்தனையாவது இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் மொத்தம் என்று நான் சூத்திரமாகப் படித்து அடிக்கடி அந்த "கழித்தல் ஒன்றை" மறந்தேன். ரேஷன் கடை வரிசையில் நின்றபோது ஒரு பாட்டி, "எனக்கு முன்னாடி பதினொரு பேர், பின்னாடி பதினாலு பேர், இன்னிக்குச் சர்க்கரை கிடைக்குமா தாயீ" என்று கேட்டார். அப்படியானால் பாட்டி முன்னாலிருந்து 12ஆவது, பின்னாலிருந்து 15ஆவது. 12-ம் 15-ம் கூட்டினால் 27, ஆனால் நிற்பது 26 பேர். பாட்டியை இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிவிட்டோம், அதனால் ஒன்று போகிறது. அதற்குப் பிறகு மறந்ததே இல்லை.

இடம் மாறும் கணக்கும் இதேதான். ஒருவர் இடமிருந்து 9ஆவது, இன்னொருவர் வலமிருந்து 12ஆவது. இருவரும் இடம் மாறியதும் முதலாமவர் இடமிருந்து 17ஆவது. மொத்தம் எத்தனை பேர்? முதலாமவர் வந்து நிற்பது இரண்டாமவர் விட்டுப்போன இடம். அந்த ஒரே இடம் இடமிருந்து 17, வலமிருந்து 12. மொத்தம் 28. அந்த 9 கணக்குக்கே வேண்டாம், நம்மைக் குழப்ப வைத்தது.

கரூரிலிருந்து, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்:

எல்லோரும் எப்படிப் போடுவது என்று எழுதியிருக்கிறீர்கள், எதைப் போடாமல் விடுவது என்று நான் சொல்கிறேன். எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் 35 கேள்விக்கு 20 நிமிஷம். தப்பானால் கால் மதிப்பெண் போகும். என் தங்கை ஒரே ஒரு வட்டக் கணக்கில் 11 நிமிஷம் உட்கார்ந்துவிட்டாள். கணக்கை முடித்தாள், ஐந்து கேள்விக்கும் சரியான விடை. ஆனால் மிச்சம் 30 கேள்விக்கு 9 நிமிஷம். அந்த முறை கட் ஆஃப் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இப்போது அவளை முதலில் எல்லாக் குறிப்பையும் ஒரு தடவை வாசிக்க மட்டும் சொல்கிறேன், பேனா தொடக் கூடாது. எந்தப் பெயர் அதிகக் குறிப்பில் வருகிறது, எது இடத்தை உறுதியாகச் சொல்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும். உறுதியான குறிப்பு ஒன்றுகூட இல்லையா, மூன்று நான்கு வட்டம் வரைய வேண்டி வருகிறதா, அடுத்ததற்குப் போ.

மாடிக் கணக்கில் அவளுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எட்டு மாடி, மாடிக்கு ஒருவர், கீழ்த்தளம் 1. "கலாவுக்கு மேலே எத்தனை பேரோ அத்தனை பேர் முருகனுக்குக் கீழே" என்று குறிப்பு வரும். பார்த்தால் ஒன்றும் சொல்லாத மாதிரி இருக்கும். ஆனால் இருவர் மாடி எண்ணையும் கூட்டினால் 9 வந்தே ஆக வேண்டும். கலா 8 என்றால் மேலே யாரும் இல்லை, முருகன் 1. கலா 7 என்றால் முருகன் 2. அதோடு "இருவருக்கும் இடையே இரண்டு பேர்" என்று இன்னொரு குறிப்பு சேர்ந்தால் 6, 3 மட்டும்தான் நிற்கும். யார் 6, யார் 3 என்பதுதான் பாக்கி. எட்டு மாடியில் இதைத் தானே கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "மேலே" என்பதும் "ஒட்டி மேலே" என்பதும் வேறு என்று மட்டும் பத்துத் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இலை யோசனை அருமை. ஆனால் சிலர் உள்ளே பார்த்தும் சிலர் வெளியே பார்த்தும் உட்காருகிற கணக்கில் இலை உதவுமா? அவள் இப்போது அதில்தான் திணறுகிறாள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து, தொடங்கியவர்:

அக்கா, அங்கேதான் இலை இன்னும் அதிகமாக உதவுகிறது. யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியும்வரை அவருக்கு நுனி போடாமல் வெறும் கோடாக விடச் சொல்லுங்கள். நுனி இல்லாத இலையிலிருந்து இடது வலது எண்ணவே கூடாது. தெரிந்ததும் நுனி போடலாம்: உள்ளே பார்த்தால் கடிகாரச் சுற்றில், வெளியே பார்த்தால் அதற்கு எதிராக.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் நேற்று ஒன்று போட்டுப் பார்த்தேன். ராஜா வெளியே பார்க்கிறான். ராஜாவுக்கு வலப்பக்கம் ஒட்டி மாலா. மாலாவுக்கு வலப்பக்கம் ஒட்டி ராஜா. மாலா எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று கேள்வியில் எங்கேயும் இல்லை. ராஜாவுக்கு நுனியைக் கடிகாரத்துக்கு எதிராகப் போட்டேன், அவனுடைய வலப்பக்கம், அதாவது இலையின் அகலமான அடிப்பக்கம், மாலாவைத் தொடுகிறது. மாலாவுக்கும் வலப்பக்கம் ராஜா என்பதால் அவளுடைய இலையின் அடியும் ராஜாவைத் தொட வேண்டும். அப்படி வைத்தால் நுனி கடிகாரச் சுற்றில் போகிறது, ஆகவே மாலா உள்ளே பார்க்கிறாள். தங்கச்சியிடம் இரண்டு தட்டும் இரண்டு வாழை இலைத் துண்டும் கொடுத்துத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். அடியும் அடியும் ஒட்டுகிறதா என்று அவளே பார்க்கட்டும்.