வெப்வியூ: பக்கம் திறந்து முடிந்ததை எப்படி அறிவது?

திருகோணமலையில், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகளுக்கு ஒரு முன்பதிவுச் செயலி செய்கிறோம். பதிவுத் தளம் ஆன்ட்ராய்டு வெப்வியூவுக்குள், அதாவது செயலிக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதிக்குள், திறக்கிறது. முதல் பக்கத்துக்கு, அது திறந்து முடிந்ததைச் சொல்லும் ‘ஆன்பேஜ்ஃபினிஷ்ட்’ அழைப்பு ஒழுங்காக வருகிறது. பிறகு திகதி, இருக்கை என்று உள்ளே போனால் ஒரு சத்தமும் இல்லை. சுழலும் வட்டத்தை எப்போது மறைப்பது என்று செயலிக்குத் தெரியவில்லை.

போன வாரம் தளத்தைப் புதுப்பித்த பிறகே இந்தத் தொல்லை. இப்போது அது பக்கத்தை மறுபடி ஏற்றாமல், ‘புஷ்ஸ்டேட்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மூலம் முகவரியை மட்டும் மாற்றுகிறது. ஆன்ட்ராய்டு 10, 13 இரண்டிலும் இதே கதை. தளம் வேறொருவருடையது, கைவைக்க முடியாது.

வெப்வியூவின் இன்னொரு அழைப்பான ‘டூஅப்டேட்விசிட்டட்ஹிஸ்டரி’ முகவரி மாறியதைச் சொல்கிறது, ஆனால் உள்ளடக்கம் திரைக்கு வருமுன்பே. சில விநாடிகள் காத்திருந்து மறைத்தும் பார்த்தோம். இணைப்பு மெதுவானால் வெற்றுத்திரைதான்.

பக்கத்தின் உள்ளடக்கம் மாறுவதைக் கவனிக்கும் ‘மியூட்டேஷன்அப்சர்வர்’ நிரலைப் பக்கத்துக்குள் செலுத்துவதைத் தவிர வேறு நம்பகமான வழி உண்டா?