தோட்டாப் பெட்டி ரப்பருக்கு வாசலின் தடவலாமா?

கேள்வி: இருப்பது ஹூஸ்டன். ராணுவப் பழைய சாமான் கடையில் வாங்கிய எம்2ஏ1 வகை இரும்புத் தோட்டாப் பெட்டி இரண்டில் கேமரா லென்ஸ் வைத்து கராஜில் விட்டிருந்தேன். போன வாரம் திறந்தால் ஒன்றில் புழுங்கிய வாடை, லென்ஸ் ஓரத்தில் பூஞ்சை. மூடி ரப்பர் ஒரு மூலையில் தட்டையாகிவிட்டது. வாசலின் தடவினால் சரியாகுமா?

பதில் 1: வேண்டாம் தம்பி. வாசலின் பெட்ரோலிய எண்ணெய் வகைதான், அது பட்டால் பல ரப்பர் வகைகள் ஊதிவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கோன் கிரீஸை விரல்நுனியில் தொட்டுத் தேயுங்கள், போதும். அதற்குமுன், காலிப் பெட்டியை மூடி நீரில் அமுக்கிப் பாருங்கள். மிதக்கப் பார்க்கும், இரண்டு கையும் வேண்டும். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

பதில் 2: தட்டையான ரப்பர் மீளாது, புதிது போடுங்கள். பெட்டி சும்மா கிடக்கும்போது கொக்கியை இறுக்கி வைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையும் உள்ளே இருக்கட்டும்.

கேட்டவர்: அமுக்கினேன் அண்ணா, சட்டை முழுக்க நனைந்தது! குமிழி அந்த மூலையில் இல்லை, கீல் பக்கம். ரப்பர் அமரும் விளிம்பில் பெயின்ட் உரிந்து துரு மேடு கட்டியிருக்கிறது. உப்புத்தாள் வாங்கப் போகிறேன்.