சுவர்த் துளைக்குள் இலை கொண்டுபோகும் தேனீ: பூசி அடைக்கலாமா?

முற்றத்துத் துளசி (பாளையங்கோட்டை):
எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் பழைய ஆணியைப் பிடுங்கிய துளைக்குள் ஒரு தேனீ சில நாள்களாகப் போய்வருகிறது. ஒவ்வொரு முறையும் வயிற்றோடு அணைத்தபடி ஒரு பச்சை இலைத்துண்டைக் கொண்டுவருகிறது. ரோஜா இலைகளின் ஓரங்கள் அரைவட்டமாக வெட்டுப்பட்டிருப்பதும் அதன் வேலை என்றே நினைக்கிறேன். அடுத்த வாரம் சுவர்ப் பூச்சு தொடங்குகிறது. துளையை அடைத்தால் அது வேறிடம் தேடிக்கொள்ளுமா? கூட்டமாகப் பெருகிப் பிள்ளைகளைக் கொட்டிவிடுமோ என்று என் மாமியார் அஞ்சுகிறார். கட்டடங்களே நிறைந்த இத்தெருவில் இதற்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது என்பதும் விளங்கவில்லை.

பொருநைக்கரை:
அம்மா, அது இலைவெட்டித் தேனீ. அது கூட்டமாகப் பெருகாது. உலகில் அறியப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவற்றைப் போல, இதிலும் ராணி இல்லை, வேலைக்காரத் தேனீக்கள் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தன் கூட்டைத் தானே கட்டுகிறது. வெட்டிய இலையை அது தின்பதில்லை. நீள்வட்டத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்துச் சிறு கிண்ணம்போல் ஓர் அறை செய்து, பூந்தேனில் பிசைந்த மகரந்தத்தை உள்ளே வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு, வட்டத் துண்டுகளால் மூடிவிட்டுத்தான் அடுத்த அறையைத் தொடங்கும். ஆழத்தில் உள்ள அறைகளில் பெண் முட்டைகளையும் வாசலை ஒட்டியவற்றில் ஆண் முட்டைகளையும் இடுவது அதன் வழக்கம். ஆண்கள் முந்தி வளர்ந்து முந்தி வெளியேறுவதால் பின்னால் இருப்பவற்றுக்கு வழி மறிபடுவதில்லை.

இப்போது துளையை அடைத்தால் தாய் வேறிடம் போய்விடலாம், உள்ளே இருப்பவற்றுக்குப் போக்கிடம் கிடையாது. அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். இலையால் அடைபட்ட வாசலில் பின்னர் ஓட்டை விழுந்திருந்தால் உள்ளிருந்தவை வெளியேறத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆண் தேனீக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது.

மேலப்பாளையம் வாசி:
அண்ணாச்சி சொன்னதில் உணவைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. சிறிய தேனீக்கள் பல, கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே இரை தேடுகின்றன. ஆதலால், தெருமுனைக் காலிமனையில் பூக்கும் தும்பையும் துத்தியும் நெருஞ்சியும், வீட்டுத் துளசியும் முருங்கையும்தான் அவற்றுக்கு வாழ்வு. களை என்று சொல்லி அவற்றை மொத்தமாகச் செதுக்கிவிட்டால், அடுத்த தெருவில் பூ இருந்தும் சில இனங்களுக்குப் பயனில்லாமல் போகலாம்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது மண். தனித்து வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை சுவரில் அல்ல, வெறும் தரையில் வளை தோண்டிக் கூடு கட்டுபவை. வயிற்றில் நீல வரிகள் கொண்ட தேனீயும் அவ்வகையே. கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனித் துளை வழியாகத்தான் மகரந்தத்தை உதிர்க்கும். இந்தத் தேனீயும் பெரிய கருவண்டுத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்க்கின்றன. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அது இயலாது. முற்றம் முழுவதும் சிமென்ட் தளக்கல் பதிக்கும் வழக்கம் நம் ஊரில் பரவியபின், தரையில் வளை தோண்டும் தேனீக்களுக்குக் கால்வைக்கும் மண்ணே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பதித்தோம். சென்ற ஆண்டு கத்தரிப் பாத்தியை ஒட்டி ஆறு கற்களைப் பெயர்த்து எடுத்துவிட்டேன். வெயில் படும் அந்தத் தரையைக் கொத்துவதுமில்லை, நீர் தேக்குவதுமில்லை.

பனையோலை:
சுவரில் கூடு கட்டுபவை எல்லாம் தேனீ என்று எண்ணிவிட வேண்டாம்: ஜன்னல் மூலையில் களிமண் உருண்டையாகக் கூடு கட்டுவது பெரும்பாலும் குளவி, அது தன் குஞ்சுக்குச் சிலந்தியையோ புழுவையோ வைக்கும், மகரந்தத்தை அல்ல. இலைவெட்டிக்கு மாற்றிடம் தர விரும்பினால், ஒருபுறம் கணுவால் அடைபட்ட மெல்லிய மூங்கில் துண்டுகளைக் காலை வெயில் படும் சுவரில், ஐப்பசி மழைச்சாரல் அடிக்காத உயரத்தில் கிடைமட்டமாகக் கட்டுங்கள். உள்துளை ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஒரே இடத்தில் நிறையத் திணித்தால் ஒட்டுண்ணிகள் சேரும்.

முற்றத்துத் துளசி:
அனைவருக்கும் நன்றி. துளையைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிட்டு, கொத்தனாரிடம் சொல்லிவிட்டோம். இன்று மதியம் தேனீ வட்டமான இலைத்துண்டுகளை மட்டுமே கொண்டுவந்தது. மாமியாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.