ஜோஷ்வா ஸ்லோக்கமின் புத்தகத்தைப் படித்தவர் அவருடைய ஸ்ப்ரே படகைக் கட்டலாமா?

கடல்காகம்:
ஜோஷ்வா ஸ்லோக்கம் 1895 ஏப்ரலில் பாஸ்டனில் கிளம்பி, 1898 ஜூனில் நியூபோர்ட்டில் வந்து நின்றார். தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் ஆள். 1900-ல் வந்த அவர் புத்தகம் பலர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது என்று அடிக்கடி சொல்கிறோம். திருப்பியது வாஸ்தவம்தான், எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. படித்த கையோடு ஒரு கூட்டம் அவருடைய ஸ்ப்ரே படகை அப்படியே நகலெடுக்கக் கிளம்பியது. நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம், உள்ளாழம் 4 அடி 2 அங்குலம். படகை நிலைநிறுத்தும் அடிபாரம் முழுக்க உள்ளே போட்ட சிமெண்ட். கீலில், அதாவது படகின் அடிமுதுகுக் கட்டையில், வெளியே ஈயமோ இரும்போ கிடையாது. இப்படிப்பட்ட அகலப் படகு முதல் சாய்வில் மேஜை மாதிரி நிற்கும். அதை நம்பிப் பாயைக் குறைக்காமல் விடுவார்கள். ஒரு எல்லையைத் தாண்டிச் சாய்ந்ததும் அதே அகலம் எதிரியாகிவிடும், கவிழ்ந்த நிலையிலும் மேஜை மாதிரியே நிற்கும். படகு வடிவமைப்பாளர் ஜான் ஹானா இதை எச்சரித்தார். யார் கேட்டார்கள்?

பழைய_பாய்:
காகம் சார், பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் கட்டிய 'பண்டோரா' ஸ்ப்ரேயின் வழியில் வந்ததுதான். 1911-ல் தென் அமெரிக்காவின் தென்கோடி ஹார்ன் முனைப் பக்கம் ஒரு முழுச் சுற்றுப் புரண்டது, பாய்மரங்கள் போயின, ஆனால் திரும்ப நிமிர்ந்தது. அந்தக் கடலில் புரளாத 36 அடிப் படகு எது என்று சொல்லுங்கள். கல்லர் என்ற படகு கட்டுபவர் 1929-ல் கட்டிய நகலில் அவரும் மனைவியும் வருஷக்கணக்காகக் குடியிருந்தார்கள். எஃகில் கட்டிய ஸ்ப்ரேக்கள் இன்றும் ஓடுகின்றன.

கடல்காகம்:
நிமிர்ந்தது சரி. அடிபாரம் இடம் பெயர்ந்திருந்தால் நிமிர்ந்திருக்குமா? ஸ்லோக்கம் தன் சிமெண்டைத் தூண் கொடுத்து அசையாமல் இறுக்கியிருந்தார், புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். நகலெடுப்பவர்கள் நீள அகலத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள், அந்த ஒரு வரி மட்டும் ஞாபகம் இருக்காது. 1909 வாக்கில் அவரே ஸ்ப்ரேயோடு காணாமல் போனதையும் கணக்கில் வையுங்கள்.

பழைய_பாய்:
அதை எப்படிக் கணக்கில் வைப்பது? கப்பல் மோதியதா, பழைய பலகை விட்டுப் போனதா, கவிழ்ந்ததா, சாட்சியே இல்லை. உங்கள் வசதிக்குக் கவிழ்த்துவிடாதீர்கள்.

சுக்கான்காரி:
இரண்டு பேரும் படகையே பார்க்கிறீர்கள். அந்தப் புத்தகம் வாசகர்களுக்குள் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டுப் போன விஷயம் வேறு: சுக்கானில் ஆள் உட்காராமலே படகு போகும் என்ற எண்ணம். தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவு வரை 23 நாள், சுமார் 2700 மைல். அதில் அவர் சுக்கான் சக்கரத்தில் நின்றது மூன்று மணி நேரம்கூட இல்லை. காற்று பின்னாலிருந்து வரும்போது பெரிய பாயை முழுக்க வெளியே விடுவார், முன்பாயை நடுவில் தட்டையாக இழுத்துக் கட்டுவார், சக்கரத்தை நடுவிலோ ஓரிரு ஆரக்கால் தள்ளியோ கட்டிவிடுவார். படகு காற்றை நோக்கித் திரும்பினால் முன்பாயில் காற்று நிறைந்து மூக்கைத் திருப்பித் தள்ளும். மந்திரமெல்லாம் இல்லை. 1909-ல் ஆண்ட்ராட் என்ற பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பாய்களின் விசை மையமும் நீருக்குள் படகு எதிர்ப்புக் கொடுக்கும் மையமும் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டில் விழுந்தன. அதற்கு மேல் அந்த நீளமான கீல். பிரெஞ்சு மாலுமி மொய்ட்டெஸியே தன் படகுக்கு 'ஜோஷ்வா' என்று பெயர் வைத்தாரே, ஸ்ப்ரேயையா நகலெடுத்தார்? எஃகில் வேறொரு படகைக் கட்டினார். நல்ல வாசகர் அப்படித்தான் படிப்பார்.

கடல்காகம்:
இது ஏற்கத்தக்கது. ஆனால் அதே எண்ணத்தோடு குட்டைக் கீல் படகில் சக்கரத்தைக் கட்டிவிட்டு உள்ளே தூங்கப் போனால் பத்து நிமிஷத்தில் பாய் படபடக்கும்.

தகரக்கடிகாரம்:
என் பெயரே சொல்லிவிடும் நான் எதற்கு வந்தேன் என்று. தகரக் கடிகாரத்தை வைத்தே உலகைச் சுற்றினார் என்று இன்னும் எத்தனை பேர் எழுதுகிறார்கள்! கனடாவின் யார்மவுத்தில் முகப்பு உடைந்திருந்ததால் ஒன்றரை டாலர் கடிகாரத்தை ஒரு டாலருக்கு வாங்கினார், அவ்வளவுதான். தீர்க்கரேகைக்கு அது உதவாது. நேரத்தில் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), நிலநடுக்கோட்டில் ஒரு கடல்மைல். ஒரு நிமிஷம் பிசகினால் 15 மைல். அவர் நம்பியது ஓடிய தூரக் கணக்கையும் அட்சரேகையையும்.

சுக்கான்காரி:
நிலாவையும் சேருங்கள்.

தகரக்கடிகாரம்:
அங்கேதான் வருகிறேன். ஜுவான் பெர்னாண்டஸ் தீவை விட்டு 43-ஆம் நாள், நூகுஹிவா தீவு கண்ணில் படும் நேரம், சந்திர தூரம் அளந்தார், அதாவது நேரம் அறிய வானில் நிலாவுக்கும் வேறொரு வான்பொருளுக்கும் இடையே உள்ள கோணத்தை. முதல் கணக்கு பல நூறு மைல் மேற்கே தள்ளியது. தன் கண்ணைச் சந்தேகிக்காமல் அட்டவணையைத் தோண்டினார், பிழை அட்டவணையில் இருந்தது. திருத்தியதும் ஓடிய தூரக் கணக்கோடு 5 மைலுக்குள் ஒத்துப்போனது. வானத்தில் நிலா மணிக்கு அரை டிகிரிதான் நகர்கிறது, அதனால் அளவையில் ஒரு கலை பிசகினாலே தீர்க்கரேகையில் 30 கலை போய்விடும். ஒற்றை அளவையை நம்பாமல் மூன்று எடுத்தார். புத்தகத்தில் இது ரெண்டு பக்கம்தான், ஆனால் செக்ஸ்டன்ட் என்ற கோணமானியைக் கற்கிறவர்கள் பலர் அந்த ரெண்டு பக்கத்தில் தொற்றிக்கொண்டவர்கள். கடிகாரத்தை ஓடவைக்க அதை வேகவைத்தார் என்ற நகைச்சுவையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களோடு எனக்குச் சண்டை.

பழைய_பாய்:
சரி, ஸ்ப்ரே கட்ட வேண்டாம் என்கிறீர்கள். அவர் பழைய ஸ்ப்ரேயைப் பழுது பார்த்தது 553 டாலர் 62 சென்ட், 13 மாத உழைப்பு, ஒன்றரை அங்குல ஜார்ஜியா பைன் பலகை. தன் கையால் ஒரு படகைத் தூக்கி நிறுத்தலாம் என்று படித்தவனுக்கு தைரியம் வந்ததே, அதுவும் தப்பா?

கடல்காகம்:
அது தப்பில்லை. அளவுகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

சுக்கான்காரி:
குட்டைக் கீல் வைத்திருப்பவர்களுக்கு, சக்கரமில்லாமல் சுக்கான் கைப்பிடி உள்ள சிறு படகானால், இதைச் செய்து பாருங்கள். பெரிய பாயை முதலில் சுருக்கி, கையில் சுக்கான் லேசாகும் வரை கொண்டுவாருங்கள். பெரிய பாயின் கயிற்றிலிருந்து ஒரு கிளைக் கயிறு எடுத்து, காற்று வரும் பக்கம் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, கைப்பிடியில் கட்டுங்கள். எதிர்ப் பக்கம் மருத்துவக் கடையில் கிடைக்கும் ரப்பர் குழாய், விரல் பருமன். காற்று வலுத்தால் கயிறு கைப்பிடியைக் காற்றுப் பக்கம் இழுக்கும், படகு காற்றிலிருந்து விலகும். தணிந்தால் ரப்பர் திரும்ப இழுக்கும். படகு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனால் ரப்பர் வலு போதவில்லை, இரண்டாகப் போடுங்கள். ஒரேயடியாகக் காற்றை நோக்கி ஏறினால் கப்பியில் கயிறு சிக்குகிறது, அல்லது பாய் இன்னும் அதிகம். சைக்கிள் கேரியர் ரப்பர் வேண்டாம், அது இழுபட்டதும் விறைத்துவிடும். காற்று நேர் பின்னால் வந்தால் இந்த ஏற்பாடு சரிப்படாது, அப்போது கையால் பிடிக்கத்தான் வேண்டும்.

பழைய_பாய்:
கப்பியை எங்கே பொருத்துவது, கைப்பிடியின் முனைக்கு நேரேயா?

சுக்கான்காரி:
நேரே, ஒரு கை அகலம் முன்னால் இருந்தாலும் பரவாயில்லை. பின்னால் போனால் கயிறு சரிவாக இழுத்து பாதி வலு வீணாகும்.