பகல்ல கம்பெனி, சாயங்காலம் வயரிங்: சரிப்படுமா?

அண்ணன்மாரே, களியக்காவிளைப் பக்கம் கம்பெனி டியூட்டி முடிஞ்சு சாயங்காலம் வீட்டு வயரிங் எடுக்கலாமான்னு ஒரு யோசனை. ஃபேன், சுவிட்ச் மாத்துறது பெரிசில்ல. பயம் டிபி போர்டுலதான், அதாவது வீட்டுக்குள்ள கரண்ட் பிரிஞ்சு போற பெட்டியில. ரெண்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) இருக்கிற போர்டுல ஒரு சர்க்யூட்டோட நியூட்ரல் வயர் அடுத்த ஆர்சிசிபியோட நியூட்ரல் பாருக்கு (நியூட்ரல் வயரெல்லாம் சேர்ற கட்டை) மாறிப்போனா, லோடு போட்டதும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி டிரிப் ஆகும். மெயினை ஆஃப் பண்ணி, லோடெல்லாம் கழற்றி, ஒவ்வொரு நியூட்ரலா பிரிச்சு 500 வோல்ட் மெக்கர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வெச்சுத்தான் தேடணும். ராத்திரி எட்டு மணிக்கு, வீட்டையே இருட்டாக்கிட்டு நடக்கிற காரியமா அது? பாதியில விட்டுட்டும் வர முடியாது. ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிட்டு வர்ற வினையெல்லாம் அந்த அவசரத்துலதான்.

எல்லை தாண்டி கேரளாவுல பாறசாலையில வேலை கிடைச்சா தமிழ்நாட்டு வயர்மேன் சர்ட்டிபிகேட் செல்லுமா, கேரள பெர்மிட் தனியா எடுக்கணுமா? வயரிங் வேலை முடிஞ்சதுக்கான கம்ப்ளீஷன் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட லைசென்ஸ் கான்ட்ராக்டர் எவ்வளவு கேட்பாங்க? ரெண்டு பக்கமும் வேலை பார்க்கிறவங்க சொல்லுங்க.