நினைவுக்குறிப்பை வரலாற்றுச் சான்றாக எடுக்கலாமா?

பாளை மாணவன்:
எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். அமெரிக்க அடிமை முறை பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். 1863 விடுதலைப் பிரகடனம், அடிமை முறையை ஒழித்த 1865-இன் பதின்மூன்றாவது சட்டத்திருத்தம் எல்லாம் மனப்பாடம். ஆனால் அடிமையாகப் பிறந்து தப்பித்து வந்த பிரெடெரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றைப் படித்த பிறகுதான் உறைத்தது. பிறந்த நாள் தெரியாமலே வளர்ந்திருக்கிறார். பெற்ற தாயைப் பார்த்ததே நாலைந்து தடவை, அதுவும் ராத்திரியில். அந்த அம்மா பகலெல்லாம் வயலில் பாடுபட்டுவிட்டு 12 மைல் நடந்து வந்து, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கவைத்து, அவன் முழிக்கும் முன்பே திரும்பிப் போய்விடுவாளாம். வகுப்பில் இதைச் சொன்னால், சொந்தக் கதை சான்றாகாது என்கிறார்கள். ஆகாதா?

டவுன் வாசகர்:
தம்பி, சந்தேகப்படுவது தப்பில்லை, ஆனால் சோதித்துப் பார்க்காமலே தள்ளிவிடுவதுதான் தப்பு. அவரைப் போலவே அடிமையாக இருந்த ஹேரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண் 1861-இல் புனைபெயரில் தன் கதையை எழுதினார். எசமானின் பாலியல் தொல்லைக்குத் தப்பி, வட கரோலினாவில் பாட்டி வீட்டுப் பரணில் ஏறத்தாழ ஏழு வருடம் ஒளிந்திருந்தவர். 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரமான இடத்திலேயே 3 அடிதான். பலகையில் சின்ன ஓட்டை போட்டு, அது வழியாகத் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். ரொம்ப காலம் அறிஞர்கள் பலர் இதைக் கற்பனை என்றே ஒதுக்கினார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் ஒத்துப் பார்த்து, அத்தனையும் அவர் வாழ்ந்த வாழ்க்கை என்று நிரூபித்தார். இதைக் கட்டாயம் கட்டுரையில் எழுதுங்கள்.

அம்பை அக்கா:
ஓவியத்தையும் சேர்த்துக்கோங்க தம்பி. இரண்டாம் உலகப் போர் சமயம், 1942-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால் அங்கே இருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். உள்ளே கேமரா கூடாது. மினே ஒகுபோ என்ற ஓவியர் எல்லாவற்றையும் வரைந்தே வைத்தார். முதலில் அவரைத் தங்கவைத்தது குதிரைப் பந்தய மைதானத்து லாயத்தில். சிலந்தி வலை, குதிரை முடி, வைக்கோலோடு சேர்த்தே சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்களாம். அரசு ஆவணத்தில் இதை யார் எழுதப்போகிறார்கள்? குடும்பத்துக்குக் கொடுத்த 13660 என்ற எண்ணையே 1946-இல் தன் புத்தகத்தின் பெயரிலும் வைத்தார்.

எங்க ஆச்சி சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்ற கணக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கொழுந்துக் கூடைக் கயிறு இழுத்து இழுத்து ஆச்சியின் உச்சந்தலையில் முடி முளைக்காமல் போன தடத்தை, அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட நான்தான் பார்த்தேன். அப்புறம்தான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது.

பாளை மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. நேற்று ராத்திரி எங்க வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தேன். அதுவும் மூன்றடி உயரம்தான் இருக்கும். சம்மணம் போட்டு நிமிர்ந்தால் தலை தட்டுகிறது. பத்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை. கீழே அம்மா தங்கச்சியைச் சாப்பிடக் கூப்பிடுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.