மறு: பிராசஸ் – வினையா, ஓட்டமா?

அனைவருக்கும் வணக்கம்.

கைப்பிரதி நாளைக் காலை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பாம்பன், தங்கச்சிமடம். வீட்டில் விசைப்படகுத் தொழில். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ‘பிராசஸ்’ என்கிறோமே, அதற்கு அவர்களுக்குப் புரிகிற தமிழ்ச்சொல்லாக வேண்டும் என்றுதான் நான்கு நாளாக உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

‘செயலி’ வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். கணினிக்குள் இருக்கும் சில்லும் செயலி, கைப்பேசியில் இறக்குவதும் செயலி. மூன்றாவதாக இதையும் ஏற்றினால் அந்தச் சொல் தாங்காது. ‘செயல்முறை’ என்றால் பிள்ளைகள் செய்முறைத் தேர்வு என்று நினைக்கிறார்கள்.

பரமக்குடி ஐயா சொன்ன ‘வினை’ அழகான சொல். “வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது, நினையுங் காலைக் காலமொடு தோன்றும்” என்கிறது தொல்காப்பியம். வட்டில் கிடக்கும் நிரல் பெயர்ச்சொல், ஓடத் தொடங்கியதும் அதில் காலம் ஒட்டிக்கொள்கிறது. ஓடும் நிரல்களைத் திரையில் வரிசையாகக் காட்டும் ‘டாப்’ கட்டளையில் வரிக்கு வரி நேரம் ஏறுவதைப் பார்க்கும்போது நூற்பா கண்முன் நிற்கிறது. ஆனால் வகுப்பில் சொன்னதும் ஒரு பையன் கேட்டான்: “ஊழ்வினையா டீச்சர்?”

அதனால் நான் ‘ஓட்டம்’ என்கிறேன். படகு ஒன்றுதான், ஆனால் கடலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அனுமதி டோக்கன் வேறு. ஒரே நிரலை மூன்று முறை திறந்தால் மூன்று எண் கிடைப்பதும் அப்படித்தான். அந்த எண்ணை ‘ஓட்ட எண்’ என்றதும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

‘டாப்’புக்குக் கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்ன ‘கலங்கரை’ பற்றி: கரைதல் என்றால் அழைத்தல். கலங்கரை விளக்கம் கலத்தை அழைக்கிறது, எண்ணிக் கணக்குப் பார்ப்பதில்லை. ‘டாப்’ 3 விநாடிக்கு ஒருமுறை எண்ணுகிறது. எனக்கு ‘ஓட்டநோக்கி’ போதும். ‘பி.எஸ்.’ கட்டளை அந்த நொடியில் ஓடுவதை மட்டும் படம் பிடிப்பதால் ‘ஓட்டப்பட்டியல்’.

இனி ஸோம்பி. போன வாரம் ஒரு பிள்ளையின் திரையில் நிலை என்ற இடத்தில் ‘இசட்’ என்று ஒரு வரி நின்றது. ஓட்டத்தைக் கொல்லும் ‘கில்’ கட்டளையை 9 போட்டு அடித்தாள். போகவில்லை. மறுபடி அடித்தாள், அப்போதும் போகவில்லை. “செத்ததை எப்படி டீச்சர் கொல்றது?” என்றாள். சரியான கேள்வி. அது முடிந்துவிட்டது, அதைத் தொடங்கிவைத்த தாய் ஓட்டம் வந்து முடிவைக் கேட்டுக்கொள்ளாததால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. கரைக்கு வந்த படகின் பெயரைப் பதிவேட்டில் கோடிட்டு அடிக்காமல் விட்டது போல. இதற்கு ‘எச்சம்’ என்று வைக்கலாமா?

*

பரமக்குடியிலிருந்து:

அம்மா, எச்சம் கூடாது. வினையெச்சம் முடியாத வினை, முடிக்கும் சொல்லுக்குக் காத்திருப்பது. உங்கள் ஸோம்பியோ முடிந்துபோனது, கேட்கத்தான் ஆள் வரவில்லை. இலக்கணப்படி அது முற்று. எச்சம் என்றால் மக்கட்பேறு என்றும் பொருள் உண்டே, “எச்சத்தாற் காணப் படும்” என்கிறாரே வள்ளுவர், சேய் ஓட்டத்துக்குப் பொருந்தாதா என்று கேட்பீர்கள். பொருந்தும். ஆனால் இங்கே தவறு தாயுடையது. பெயரைச் சேய்க்குச் சூட்டுகிறீர்கள்.

இன்னொன்று. உங்கள் ‘டாப்’ திரையில் பெரும்பாலான வரிகளில் ‘எஸ்’ என்றுதானே இருக்கிறது? உறக்கம். உறங்குவதை ஓட்டம் என்று எப்படிச் சொல்வது? வினை உறங்கலாம். ஓட்டம் உறங்காது.

*

கீழக்கரையிலிருந்து:

ஐயா, வலையை விட்டுவிட்டு நிற்கிற படகு ஓடவில்லைதான். ஆனாலும் அது கடலில்தான் இருக்கிறது, டோக்கனும் அதன் பேரில்தான் இருக்கிறது. கலங்கரையை நான் விட்டுக்கொடுக்கிறேன். டீச்சர், ஓட்டம் என்றே அடித்துவிடுங்கள்.

*

மண்டபத்திலிருந்து (டீச்சர்):

நன்றி காக்கா. நான்கு பேர் ஓட்டத்துக்கு, ஐயா வினைக்கு. ‘ஓட்டம்’ என்று போட்டுவிட்டேன். ஸோம்பியை இந்தத் தடவை ஸோம்பி என்றே விட்டிருக்கிறேன்.

*

பரமக்குடியிலிருந்து:

அடியில் சிறிய எழுத்திலாவது ‘வினை எனவும் வழங்கலாம்’ என்று சேர்த்துவிடுங்கள் அம்மா. கடைக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.